கடனாளி எப்படிங்க சொத்தாவான்?

கேள்வி: நான் தமிழ் இலக்கியம் படித்தவள். நான்கு மாதமாக ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன வாரக் கூட்டத்தில் மேலாளர், “அந்தப் பார்ட்டியை நாக் ஆஃப் பண்ணிடுங்க, மிச்சம் நிக்கிறதை ரைட் ஆஃப் பண்ணிடலாம்” என்றார். ஆள் வைத்துத் தூக்கச் சொல்வது போல இருந்ததால் சிரித்துவிட்டேன். “இதுல சிரிக்க என்ன இருக்கு?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. “பேங்க் கணக்கு 270 உதைக்குது, நீயே கண்டுபிடி” என்று என் தலையில் கட்டிவிட்டார். பற்று, கடனாளி, நற்பெயர், அனாமத்து என்று எனக்குத் தெரிந்த சொற்களே இங்கே வேறு பொருளில் நடமாடுகின்றன. இன்னொரு பக்கம் லூப், பேண்ட்வித், அலைன் என்று ஒரு பாஷை. புரியாதபோது தலையாட்டிவிடலாமா? கேட்டால் மட்டமாக நினைப்பார்களா? சிரிப்பை அடக்க ஏதாவது வழி உண்டா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

சிரித்ததற்காக வருத்தப்படாதீர்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்து 26 வருடம் ஆகிறது. எனக்கே சில நாள் அடக்க முடிவதில்லை.

ஒருமுறை பேருந்தில் நின்றபடி அலுவலகத்தோடு போனில் பேசிக்கொண்டு வந்தேன். “ஆமா சார், ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சு அடிச்சுட்டேன். ஒருத்தன் மட்டும் அசையாமக் கிடக்கான். சாயங்காலத்துக்குள்ள அவனையும் தூக்கிடறேன்.” எதிர் இருக்கை அம்மா குழந்தையை இழுத்து மடியில் அணைத்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் நான் பேசியது எனக்கே உறைத்தது. விஷயம் இவ்வளவுதான்: ஒரே வாடிக்கையாளர் பெயரில் தவறுதலாக இரண்டு கணக்கு திறந்திருந்தார்கள். ஒன்றில் பில் ஏறியிருந்தது, இன்னொன்றில் பணம் வந்திருந்தது. இரண்டையும் ஒன்றுக்கொன்று நேர் செய்துவிட்டேன். அசையாமல் கிடந்தவர், பல மாதமாக வரவும் இல்லாமல் பில்லும் இல்லாமல் நின்றுபோன ஒரு பழைய பாக்கி.

உங்கள் மேலாளர் சொன்ன நாக் ஆஃப் இதேதான். வந்த பணம் எந்த பில்லுக்கு வந்தது என்று பார்த்து, இரண்டையும் ஜோடி சேர்த்து முடிப்பது. ரைட் ஆஃப் என்றால் இனி வராது என்று தெரிந்த பாக்கியை நஷ்டமாக எழுதித் தள்ளுவது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நாம் எழுதித் தள்ளிவிட்டதால் அவர் கடன் தீர்ந்துவிடாது. நம் ஏட்டில் நாம் நம்பிக்கையை விட்டோம், அவ்வளவே. பிற்பாடு மனிதர் மனம் திருந்திப் பணம் கொண்டுவந்து கொடுத்தால் அதை ‘வசூலான வாராக்கடன்’ என்று எழுதுவோம். வாராக்கடன், ஆனால் வந்துவிட்டது. முரண்தொடை படித்தவர் நீங்கள், இதற்குச் சிரிக்காமல் வேறு எதற்குச் சிரிப்பீர்கள்?

பற்று விஷயத்துக்கு வருவோம். ஆன்மிகம் பேசுகிறவர்கள் எல்லோரும் பற்றை விடு என்கிறார்கள். நாங்கள் காலையில் வந்து உட்கார்ந்ததும் பற்று எழுது என்கிறோம். இதில் கூடுதல் வேடிக்கை, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் ஒரு பக்கம் பற்றாகவும் எதிர்ப்பக்கம் வரவாகவும் எழுதும் இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சில் விரிவாக விளக்கியவர் ஒரு துறவி. லூக்கா பச்சோலி என்ற இத்தாலிய பிரான்சிஸ்கன் துறவி, 1494-இல் வெனிஸில் வெளியிட்ட கணித நூலில் இதற்கென ஒரு பகுதியை ஒதுக்கினார். முறையைக் கண்டுபிடித்தது அவரல்ல, வெனிஸ் வணிகர்கள் கையாண்டு வந்ததைத்தான் எழுதிவைத்தார். ஆனாலும் பற்றறுத்த ஒருவர் உட்கார்ந்து உலகத்துக்குப் பற்று எழுதச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் பாருங்கள். டெபிட் என்பதன் லத்தீன் வேர் ‘கடன்படுதல்’. கிரெடிட்டின் வேர் ‘நம்புதல்’. நம் பழைய ஆட்கள் டெபிட்டுக்கு ‘பற்று’ என்று பெயர் வைத்தபோது, ஒருவர் கைப்பற்றியதை அவர் பெயரில் எழுதுவது என்ற நேர்ப்பொருளில்தான் வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மோட்சத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

புதிதாக வருகிறவர்களை அதிகம் குழப்புவது இந்தப் பற்றும் வரவும்தான், அதற்குக் காரணம் வங்கி. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது: ‘உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.’ சந்தோஷமாக இருக்கிறது. மறுநாள் அலுவலகத்தில் அதே பணத்துக்கு “பேங்க் அக்கவுண்டை டெபிட் பண்ணு” என்கிறார்கள். டெபிட் என்றால் பணம் போவதல்லவா என்று நீங்கள் திகைத்திருப்பீர்கள். வங்கி தன் ஏட்டைப் பார்த்துப் பேசுகிறது. நீங்கள் போட்ட பணம் அதற்கு நீங்கள் கொடுத்த கடன், என்றைக்கு இருந்தாலும் உங்களுக்குத் திருப்பித் தர வேண்டியது. அதனால் அங்கே உங்கள் பெயர் வரவுப் பக்கம். நம் ஏட்டில் அதே பணம் சொத்து, சொத்து ஏறினால் பற்று. ஒரே பணத்தை மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் உட்கார்ந்து பார்க்கிறோம். இது பிடிபட்டுவிட்டால் பாதிக் கணக்கியல் முடிந்தது. எனக்குப் பிடிபட ஆறு மாதம் ஆனது, உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் அவகாசம் இருக்கிறது.

கடனாளி இதைவிட மோசம். வீட்டில் “அவன் கடனாளி” என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். எங்கள் ஏட்டில் கடனாளி என்பவர் நமக்குப் பணம் தர வேண்டியவர், அதனால் அவர் சொத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நமக்குக் கடன் கொடுத்த நல்ல மனிதரோ பொறுப்புகள், அதாவது நாம் தர வேண்டியவை, பக்கம். பாடப்புத்தகங்கள் அவருக்கு ‘கடனீந்தோர்’ என்று வள்ளல் பட்டம் கட்டிவிட்டு, கூடவே சுமை என்றும் எழுதிவைத்திருக்கின்றன. ‘பற்பல கடனாளிகள்’ என்ற தலைப்பை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஊரே நொடித்துப்போன மாதிரி இருந்தது. என் முதல் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், “கடனாளி எப்படிங்க சொத்தாவான்?” என்று கேட்டான். மூத்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: “திருப்பிக் குடுக்கிற வரைக்கும்தாண்டா சொத்து. குடுக்கலைன்னா செலவு.” இதைவிடச் சுருக்கமாக வாராக்கடனை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

நற்பெயர் பற்றித்தான் நான் அதிகம் பேச ஆசைப்படுவேன். வாழ்நாள் முழுக்க நாணயமாக நடந்து நீங்கள் சம்பாதித்த நற்பெயரை உங்கள் ஏட்டில் எழுத முடியாது. சர்வதேச கணக்கியல் தரநிலை 38 அதைத் தெளிவாகவே தடுக்கிறது: உள்ளுக்குள்ளேயே உருவான நற்பெயரைச் சொத்தாகக் காட்டக் கூடாது. அது ஏட்டில் ஏற வேண்டுமென்றால் வேறொருவர் வந்து உங்கள் தொழிலை வாங்க வேண்டும். இருக்கிற சொத்திலிருந்து பொறுப்புகளைக் கழித்த நியாய மதிப்புக்கு மேல் அவர் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தாரோ அந்தக் கூடுதல்தான் நற்பெயர். அதுவும் அவர் ஏட்டில், உங்கள் ஏட்டில் அல்ல. பெயரைச் சம்பாதித்தது ஒருவர், எழுதிக்கொள்வது இன்னொருவர். பிறகு வருடா வருடம் அந்த நற்பெயர் கெட்டுவிட்டதா என்று சோதனை வேறு. கெட்டிருந்தால் ‘நற்பெயர் மதிப்பிழப்பு’ என்று நஷ்டத்தில் எழுத வேண்டும். ஒரு கூட்டத்தில், “போன வருஷம் வாங்கின நற்பெயர் இந்த வருஷம் பாதிதான் தேறும் போல” என்று ஒருவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் சொன்னார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன். சிரிப்பை அடக்க வழி கேட்டிருக்கிறீர்களே, எனக்குத் தெரிந்த ஒரே வழி தண்ணீர் பாட்டில்தான்.

அனாமத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரபியில் ‘அமானத்’ என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். அது நம்மிடம் வந்து அனாமத்து ஆகி, கேட்பாரற்றுக் கிடப்பதையெல்லாம் “அனாமத்தா கெடக்குது” என்று சொல்லும்படி ஆகிவிட்டது. கணக்கில் அனாமத்து என்பது சஸ்பென்ஸ் அக்கவுண்ட்: பணம் வந்திருக்கிறது, யார் அனுப்பியது என்று தெரியவில்லை, தெரிகிறவரை இங்கே இருக்கட்டும் என்று போடும் இடம். நம்பி ஒப்படைத்தது கேட்பாரற்றதாக எப்படி மாறியது என்று மொழி ஆராய்ச்சி செய்ய வேண்டாம், எந்த அலுவலகத்திலும் மூன்று வருடப் பழைய சஸ்பென்ஸ் கணக்கைத் திறந்து பார்த்தால் போதும்.

இனி லூப், பேண்ட்வித் கோஷ்டி. இதை மேலே சொன்னவற்றோடு சேர்க்காதீர்கள். கணக்குச் சொல் கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அதற்கு ஒரே பொருள்தான். அதைச் சொன்னவுடன் எந்தக் கணக்கு ஏறும், எது இறங்கும் என்று தெரிந்துவிடும். அலுவலக பாஷை கேட்க வழவழப்பாக இருக்கும், கைக்கு ஒன்றும் சிக்காது. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. புதுச் சொல் காதில் விழுந்தால், இதற்கு என்ட்ரி என்ன என்று மனதுக்குள் கேட்டுப் பார்ப்பேன். “தேய்மானம் போடு” என்றால் தேய்மானச் செலவு பற்று, எதிர்ப்பக்கம் திரண்ட தேய்மானம் வரவு. முடிந்தது. “எல்லாரும் ஒரே பக்கம் அலைன் ஆகணும்” என்றால் என்ட்ரி என்ன? எல்லோரும் ஒரே பக்கம் போய்விட்டால் இரட்டைப் பதிவே கிடையாது. “இதை ஆஃப்லைன்ல பேசிக்கலாம்” என்பதற்கு, இந்தக் கேள்விக்கு என்னிடம் இப்போது பதில் இல்லை என்று பொருள். “பேண்ட்வித் இருக்கா?” என்றால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை போகப்போகிறது. “உங்களையும் லூப்ல வச்சுக்கறேன்” என்றால் இனி உங்களுக்குச் சம்பந்தமில்லாத நாற்பது மின்னஞ்சல் வரும், நாளைக்கு ஏதாவது தவறு நடந்தால் “நீங்களும் லூப்ல இருந்தீங்களே” என்பார்கள். ‘ஜென்டில் ரிமைண்டர்’ மூன்றாவது தடவை வரும்போது அதில் ஜென்டில் ஒன்றும் மிச்சமிருக்காது.

நம் தமிழ் மட்டும் சளைத்ததா? ‘ஆவன செய்யப்படும்’ என்ற தொடரைப் பாருங்கள். யார் செய்வார், எதைச் செய்வார், எப்போது செய்வார் என்ற மூன்றையும் தவிர்த்துவிட்டு ஒரு முழு வாக்கியம் அமைத்திருக்கிறார்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ அதன் ஒன்றுவிட்ட தம்பி.

இந்த ‘என்ட்ரி என்ன’ சோதனையில் நான் கண்ட பெரிய சிக்கல், ஆண்டு விழா மேடையில் நிர்வாகிகள் தவறாமல் சொல்கிற ஒரு வரி: “நம் ஊழியர்களே நம் மிகப்பெரிய சொத்து.” கேட்டதும் கை தட்டினேன். இருக்கைக்குத் திரும்பியபின் பழக்கதோஷத்தில் சொத்துப் பட்டியலைப் புரட்டினேன். மேசை இருந்தது, நாற்காலி இருந்தது, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் இல்லை. அவர் லாப நட்டக் கணக்கில், செலவுத் தலைப்பில், சம்பளம் என்ற பெயரில் இருந்தார். இதற்கு நியாயம் உண்டு. ஒன்றைச் சொத்து என்று எழுத அது நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். நீங்கள் நாளைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம், நாற்காலியால் முடியாது. விதிவிலக்குப் போலத் தெரிவது கால்பந்துக் கிளப்புகள். இன்னொரு கிளப்பிலிருந்து ஆட்டக்காரரை எடுக்கும்போது அவரது பதிவு உரிமைக்குக் கொடுத்த தொகையை அவர்கள் புலனாகாச் சொத்தாக எழுதி, ஒப்பந்தக் காலம் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து வருகிறார்கள். அங்கேகூடச் சொத்து அந்த உரிமைதான், ஆளல்ல. சொந்தமாக வளர்த்தெடுத்த பையன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அவனுக்கென்று அப்படி ஒரு தொகை ஏடேறாது. நற்பெயர் கதையேதான்.

நீங்கள் தெருவில் கேட்டு வளர்ந்த பேச்சு வழக்கு இருக்கிறதே, அது அலுவலக பாஷையைப் போல நழுவாது. எங்கள் சொற்களுக்கு இணையாக நிற்கிற துல்லியம் அதில் உண்டு. ‘கைமாத்து’ என்பதற்கு நான் அலுவலகத்தில் விளக்கம் எழுதினால் ‘பிணையற்ற, வட்டியற்ற, எழுத்து ஆவணமற்ற குறுகிய காலக் கடன்’ என்று ஒரு வரி ஆகும். நாலெழுத்தில் முடித்துவிட்டார்கள். ‘காந்திக் கணக்கு’ சந்தேகமே இல்லாமல் ரைட் ஆஃப். ‘இழுத்தடிக்கிறான்’ என்பவர் தவணை கடந்த கடனாளி. ‘தண்ணி காட்டறான்’ ஐயக்கடன், அவருக்கு ஒதுக்கு போட்டுவைப்பது, அதாவது வராமல் போகலாம் என்று முன்கூட்டியே ஒரு தொகையை நஷ்டமாக எழுதிவைப்பது நல்லது. ‘நாமம் போட்டுட்டான்’ வாராக்கடன். ‘கையைக் கடிக்குது’ என்றால் வரவை மிஞ்சிய செலவு. இழுத்தடிப்பதிலிருந்து தண்ணி காட்டி நாமம் போடுவது வரையிலான வரிசை, பாக்கிகளை வயதுவாரியாகப் பிரித்து நாங்கள் போடும் அறிக்கையின் கட்டங்களைப் போலவே நகர்கிறது. ஒரு வசூல் கூட்டத்தில் நான் “இவர் 90 நாளுக்கு மேல்” என்று இழுத்தபோது பக்கத்தில் இருந்தவர் “தண்ணி காட்டறார்” என்றார். அந்தத் தொகைக்கு எவ்வளவு ஒதுக்கு என்று அடுத்த நிமிடமே முடிவாகிவிட்டது. திவாலைப் பற்றிக்கூடப் பாருங்கள்: ஆங்கிலச் சொல்லின் மூலம் இத்தாலியில் ‘உடைந்த பெஞ்சு’, நம்மூர்ப் பேச்சில் அது ‘மஞ்சள் நோட்டீஸ்’. இரண்டையும் கண்ணால் பார்க்க முடிகிறது.

கணக்கு என்ற சொல்லையே எடுத்துக்கொண்டால் ‘கணக்கு முடிப்பது’ எங்கள் ஆண்டு முடிவு வேலை, வெளியே அதற்குப் பொருள் வேறு. ‘கணக்குப் பண்றது’ எங்கள் சம்பள வேலை, வெளியே அதற்கும் பொருள் வேறு. “ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஆபீஸ்ல கணக்குப் பண்ணிட்டிருந்தேன்” என்று வீட்டில் சொல்லி அனுபவப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், “வேலை இருந்தது” என்றால் போதும்.

தலையாட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. பயிற்சியில் இருந்தபோது என்னிடம் “மாசக் கடைசில போட்ட ப்ரொவிஷனை ரிவர்ஸ் பண்ணிடு” என்றார்கள். ப்ரொவிஷன் என்றால் பில் வருவதற்கு முன்பே செலவை உத்தேசமாக எழுதிவைப்பது. அது புரியாமலே தலையாட்டினேன். ரிவர்ஸ் என்றால் எடுத்துவிடுவதுதானே என்று போன மாதப் பதிவையே அழித்துவிட்டேன். செய்திருக்க வேண்டியது வேறு: போன மாதப் பதிவு அப்படியே இருக்க, இந்த மாதத் தேதியில் அதற்கு எதிர்ப்பதிவு. நான் அழித்ததால் ஏற்கெனவே கையெழுத்தாகிப் போன போன மாத லாபம் மாறிவிட்டது. மூன்று பேர் நள்ளிரவு வரை உட்கார்ந்து, அழித்ததை மறுபடி ஏற்றினோம். கேட்டிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும்.

கேட்பதில் மட்டம் ஒன்றுமில்லை. ஆடிட்டர் என்ற சொல்லுக்கே லத்தீனில் ‘கேட்பவர்’ என்றுதான் பொருள். அந்தக் காலத்தில் கணக்கை ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் உட்கார்ந்து காதால் கேட்டுச் சரிபார்ப்பார். தமிழில் கேட்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைய ஆடிட்டர்கள் அந்த இரண்டாவது பொருளில்தான் எங்களை வாட்டுகிறார்கள். கேட்கும்போது “இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்காதீர்கள், அகராதி படிப்பது போல ஏதாவது சொல்வார்கள், இன்னும் குழம்பும். “இதுக்கு என்ட்ரி என்ன சார்?” என்று கேளுங்கள். சொல் கணக்குச் சொல்லாக இருந்தால் உடனே பதில் வரும், உங்கள் மதிப்பும் கூடும். அலுவலக பாஷையாக இருந்தால் எதிரில் இருப்பவர் கொஞ்சம் யோசிப்பார். அப்போது மட்டும் சிரிக்காதீர்கள், தண்ணீர் குடியுங்கள்.

கடைசியாக அந்த 270. இதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், உங்கள் மேலாளர் காத்திருப்பார். நம் ஏட்டையும் வங்கி அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் 270 என்ற தொகையே எங்காவது ஒரு பக்கம் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள், வங்கிப் பிடித்தமாக இருக்கலாம். இல்லையென்றால் பாதியான 135-ஐத் தேடுங்கள். வந்த 135-ஐப் போனதாக எழுதியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகி 270 ஆகும். அதுவும் இல்லையென்றால் 9-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் 30 வருகிறது. 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 4,520 என்பதை 4,250 என்று அடித்திருப்பார்கள், அடுத்தடுத்த ஐந்தும் இரண்டும் இடம் மாறினால் சரியாக 270 உதைக்கும். அப்படி எதுவும் கண்ணில் படவில்லையென்றால் 300 என்ற தொகை எங்கேயாவது 30 என்று ஏறியிருக்கிறதா பாருங்கள். நான் பந்தயம் கட்டுவதானால் இதில்தான் கட்டுவேன், பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் ஒருவராவது இருப்பார்கள். எது என்று தெரிந்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். அதுவரை யார் சொன்னாலும் அதை அனாமத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.